பேஸ் கிதார் ‘ஸ்டாக் இல்லை’: அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் நெருங்கினால் சென்னையில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரைத் தேடுபவர்கள் கூடிவிடுவார்கள். தேவாலயப் பாடகர் குழுக்கள் கேரலுக்கு ஆயத்தமாகும். தை பிறந்தால் மெல்லிசைக் குழுக்களுக்குக் கல்யாண வரவேற்புகள் வரிசைகட்டும். அண்ணா சாலையிலும் வடபழனியிலும் கடை கடையாக ஏறி இறங்குபவர்களுக்குச் சில காலமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: “ஸ்டாக் இல்ல சார், கம்பெனியே புரொடக்‌ஷனக் குறைச்சிட்டாங்க. அட்வான்ஸ் போட்டு வைங்க, வந்ததும் கூப்பிடறோம்.” இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை விசாரிக்காமல் பணம் கட்டுபவர்கள்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அல்லது கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று திரும்புகிறார்கள். விவரத்தைத் தங்கள் வாசகர்கள் முன் வைப்பதற்காக இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேஸ் கிதாரே கிடைக்கவில்லை என்பது சரியல்ல. 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 4 கம்பி, வலக்கை, கறுப்பு அல்லது சன்பர்ஸ்ட் நிறம் என்றால் ஆரம்பநிலைக் கருவி ஏதாவது ஒரு பிராண்டில் கிடைத்துவிடும். கிடைக்காதவை 5 கம்பி, இடக்கை, 30 அங்குல ஷார்ட் ஸ்கேல், கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டையான ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் ஆகியவையும், குறிப்பிட்ட மாடலில் குறிப்பிட்ட நிறமும். ஆலை உற்பத்தியைக் குறைக்கும்போது எல்லாவற்றையும் சமமாகக் குறைப்பதில்லை. 5 கம்பிக் கருவியின் கழுத்தான நெக்குக்கு, கணினி வழி மரம் அறுக்கும் சிஎன்சி இயந்திரத்தின் புரோகிராம் வேறு, நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட் வேறு, மறுமுனையில் தாங்கும் பிரிட்ஜ் வேறு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வேறு. இடக்கைக் கருவிக்கு எல்லாவற்றையும் கண்ணாடி பிம்பமாக மாற்றி அமைக்க வேண்டும். இவற்றைச் சிறு தொகுதிகளாகச் செய்தால் இயந்திரத்தை மாற்றி அமைக்கும் நேரத்திலேயே லாபம் போய்விடும். ஆகவே ஆர்டர் சுருங்கினால் முதலில் நிற்பது இவைதான். கடைசியாக நிற்பது 4 கம்பிக் கறுப்பு.

ஆர்டர் ஏன் சுருங்கியது என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 2020-இல் கொரோனாவால் ஆலைகள் மூடிக்கிடந்த நேரத்தில்தான் வீட்டில் அடைபட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிதார் கற்கத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கிதார் நிறுவனமான ஃபெண்டர் அந்த ஆண்டு தன் வரலாற்றிலேயே அதிக விற்பனையைக் கண்டது. சரக்கு கிடைக்காமல் தவித்த கடைகள் தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்தன. அந்தச் சரக்கு கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது ஊரடங்கு முடிந்திருந்தது, ஆர்வமும் தணிந்திருந்தது. கிடங்குகள் நிரம்பின, புதிய ஆர்டர்கள் நின்றன, ஆலைகள் மாடல்களைக் கழித்தன. 1924-இல் தொடங்கிய சாம் ஆஷ் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி 2024-இல் தன் எல்லாக் கடைகளையும் மூடியது. இன்று நாம் பார்க்கும் தட்டுப்பாட்டில் பெரும்பங்கு முந்தைய மிகைச் சரக்கின் வால்தான்.

அதற்கு மேல் 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரி வந்தது. இந்தோனேசியப் பொருளுக்கு முதலில் 32 சதவீதம் என்றார்கள், ஜூலையில் 19 என்று இறக்கினார்கள். இதற்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு? நம் கடைகளில் தொங்கும் நடுத்தர விலை பேஸ் கிதார்களில் கணிசமானவை இந்தோனேசியாவில் உருவாகின்றன. சுராபாயாவில் உள்ள கார்ட் ஆலை தன் பெயரில் மட்டுமல்லாமல் வேறு பிராண்டுகளுக்கும் செய்துகொடுக்கிறது. அப்படிப்பட்ட ஆலையில் எந்த வாரம் எது ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரிய வாடிக்கையாளரான அமெரிக்காவின் ஆர்டர். அது முன்னும் பின்னும் தள்ளாடினால் இந்தியாவுக்கான சிறு தொகுதி தானாகத் தள்ளிப்போகும். ஒரு லைன் நின்றால் அண்ணா சாலையில் மூன்று பிராண்டுகளில் ஒரே நேரத்தில் ‘ஸ்டாக் இல்லை’ என்று வருவதற்கும் இதுவே காரணம். மூன்று கம்பெனிகளும் கூடிப் பேசிக்கொண்டதல்ல. விலை ஏன் ஏறியது என்று கேட்பவர்கள் ரூபாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது.

செங்கடல் பிரச்சினையால் கப்பல் வரவில்லை என்று சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹனில் உருவாகும் வார்விக் போன்ற கருவிக்கு அந்தச் சமாதானம் பொருந்தும். சுராபாயாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வரும் பெட்டி மலாக்கா நீரிணை வழியாக வருகிறது. செங்கடல் அதன் பாதையிலேயே இல்லை. இதைச் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

மரத்துக்கு வருகிறேன். இதில் நம் பக்கத்து மலைக்கே பங்குண்டு. பேஸ் கிதாரில் ஃபிரெட்டுகள் பதியும் பலகையான ஃபிரெட்போர்டுக்குப் பல காலமாகப் பயன்பட்டது ரோஸ்வுட். அதில் பெருமளவு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். தமிழ்நாட்டில் இதை வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பன்னாட்டு அளவில் 2017 ஜனவரி 2 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும், ஏற்கெனவே முதல் பட்டியலில் இருந்த பிரேசில் ரோஸ்வுட் தவிர, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டதும் நிறுவனங்கள் மரத்தை மாற்றின. ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளுக்குப் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்குப் போனது. அதன் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையர் கருவிகளுக்கு இந்தியன் லாரல் வந்தது. இந்தியன் லாரல் வேறொன்றுமில்லை, நம் கருமருதுதான். 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. ஆனால் அறுத்த பலகைக்கு இன்னும் சீட்டு வேண்டும். ஆகவே மாறிய ஆலைகள் பல மாறியபடியே இருந்துவிட்டன. “ரோஸ்வுட்டுக்கு இப்பவும் பேன் இருக்கு, அதனாலதான் வரல” என்று சொல்லி யாராவது உங்களைக் காக்கவைத்தால் அது பழைய கதை. பிரேசில் ரோஸ்வுட் தவிர மற்ற ரோஸ்வுட் போட்ட பேஸை வெளிநாட்டுக் கச்சேரிக்கு எடுத்துப்போகவும் இப்போது அந்தச் சீட்டு தேவையில்லை.

கருவியின் உடல்பகுதியான பாடிக்குரிய மரத்திலும் இதே நிலை. லேசான எடைக்குப் பேர்போன ஸ்வாம்ப் ஆஷ் மரத்தை வழக்கமான மாடல்கள் பலவற்றிலிருந்து விலக்கப்போவதாக 2020-இல் ஃபெண்டர் அறிவித்தது. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீடித்த வெள்ளத்தால் மரம் வெட்ட முடியவில்லை. 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத நிற ஆஷ் வண்டு மறுபக்கம் காடுகளை அழித்துக்கொண்டிருந்தது. மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் மட்டும் போட்ட பேஸ் கிதார்கள் கடைகளில் அருகியதற்கும் விலை ஏறியதற்கும் இது முக்கியக் காரணம்.

மாற்று மரம் வந்ததால் கருவி மட்டமாகிவிட்டதா என்றால், இல்லை என்பதே என் கணிப்பு. ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்கும்போது லாரலுக்கும் ரோஸ்வுட்டுக்கும் உள்ள ஒலி வேறுபாட்டைவிடப் புதுக் கம்பிக்கும் துருப்பிடித்த கம்பிக்கும் உள்ள வேறுபாடு பல மடங்கு பெரியது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். லாரல் வெளிறியும் வறண்டும் வரும்; கம்பி மாற்றும்போது லெமன் ஆயில் என்று விற்கும் ஃபிரெட்போர்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது, நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஏசி அறையில் நெடுநாள் கிடந்த கருவியில் மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும், விரலைக் கீறும். அதை அரம் போட்டுச் சரிசெய்வது அரை நாள் வேலை. கடைக்காரரே இலவசமாகச் செய்துதர வேண்டியது. மரம் மாறியும் விலைப்பட்டியல் பழைய மாடலுடையதாகவே இருந்தால் பேரம் பேசவும் தயங்காதீர்கள்.

‘நியூ அரைவல்’ என்ற அட்டையையும் நம்ப வேண்டாம். சீரியல் எண்ணைப் படியுங்கள். ஸ்குவையரில் ஐ.சி.எஸ். என்ற மூன்று எழுத்தில் தொடங்கினால் இந்தோனேசியா. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஐபனீஸின் இந்தோனேசியக் கருவியில் ஐ என்ற எழுத்துக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 2021, 2022 என்று வந்தால் அது கிடங்கில் தேங்கிய சரக்கு. அதில் தவறில்லை, நெக் நேராக இருந்தால் நல்ல கருவிதான். ஆனால் கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் தொங்கிய கம்பி போயிருக்கும், நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைத் திருப்ப வேண்டியிருக்கும், ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளேயிருக்கும் 9 வோல்ட் பேட்டரி கசிந்திருக்கக்கூடும். புதுக் கம்பி, செட்டப் (நெக் வளைவையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது), பேட்டரி மூன்றையும் விலைக்குள்ளேயே கேட்டு வாங்குங்கள்.

செட்டப் சரியாகச் செய்தார்களா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்பான கேபோவை முதல் ஃபிரெட்டில் போட்டு, கடைசி ஃபிரெட்டில் தடித்த ஈ கம்பியை அழுத்திப் பிடித்தால், 7 அல்லது 8-ஆவது ஃபிரெட்டின் மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு இறுக்கமில்லாமல் நுழைந்தால் போதும். கேபோவை எடுத்துவிட்டு 17-ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் பாருங்கள்: ஈ கம்பி 2.4 மில்லிமீட்டர், மெல்லிய ஜி கம்பி 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நன்று. டிரஸ் ராடைத் திருப்பும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியபின் மரம் அசைந்து அடங்க நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முறுக்கியதால் டிரஸ் ராடின் மரை வழுக்கிப்போன நெக்குகள் இந்த ஊரில் ஏராளம்.

கேட்ட வகை கிடைக்காதபோது என்ன செய்வது? காத்திருப்பது மட்டுமே வழி என்று கடைகள் சொல்கின்றன. பல நேரங்களில் இருக்கும் 4 கம்பியை வைத்தே காரியத்தை முடிக்கலாம்.

5 கம்பியைத் தேடுபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை கீழ் டி, கீழ் சி சுரங்கள்தான். பாடகரின் குரலுக்கேற்பப் பாட்டின் சுருதி இறங்கும்போது ஈ கம்பிக்குக் கீழே போக வேண்டியிருக்கிறது. அதற்கு 45-65-85-105-130 அளவுள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு தடிமன்) 5 கம்பி செட் ஒன்றை வாங்கி, மெல்லிய 45-ஐ எடுத்துவைத்துவிட்டு மற்ற நான்கையும் பி, ஈ, ஏ, டி என்று சுருதி சேர்த்து 4 கம்பி பேஸிலேயே போடலாம். நட்டில் முதல் குழி 105 கம்பிக்கு வெட்டியது, அதாவது சுமார் 2.7 மில்லிமீட்டர். 130 கம்பிக்கு 3.3 மில்லிமீட்டர் வேண்டும். மற்ற மூன்று குழிகளையும் அந்தந்தக் கம்பிக்கு ஏற்ப அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது, அகலம் மட்டுமே. ஆழமாகிவிட்டால் திறந்த கம்பி முதல் ஃபிரெட்டில் தட்டி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். இழுவை மாறுவதால் டிரஸ் ராடை மறுபடி பார்க்க வேண்டும். பிரிட்ஜில் பி கம்பி அமரும் துண்டான சாடிலைப் பின்னுக்குத் தள்ளி, 12-ஆவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஒன்றாக வருமாறு வைக்க வேண்டும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் கீயின் குழாயில் 130 கம்பி நுழைகிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மேல் ஜி கம்பி போய்விடும் என்பதுதான் நட்டம்; 5-ஆவது ஃபிரெட்டில் டி கம்பியை அழுத்தினால் அதே ஜி கிடைக்கும்.

இதோடு ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். திறந்த பி 31 ஹெர்ட்ஸ். நம் மண்டபங்களில் சப்வூஃபர் இல்லாமல் வைக்கப்படும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். பி கம்பியின் அடிச்சுரத்தை அவை எழுப்புவதே இல்லை. கேட்பது அதன் மேலடுக்குகள்தான். 5 கம்பிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர் தன் குழுவின் ஸ்பீக்கர் எது என்று முதலில் பார்ப்பது நல்லது.

சிறுவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் ஷார்ட் ஸ்கேல் வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள், கடையில் அது இல்லை. 34 அங்குல பேஸை ஒரு முழுச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, 2-ஆவது ஃபிரெட்டில் கேபோ போட்டால் மிஞ்சும் நீளம் 30.3 அங்குலம். சுருதியும் பழையபடி ஈ, ஏ, டி, ஜி. விரல்கள் எட்ட வேண்டிய தூரம் ஷார்ட் ஸ்கேலுக்கு இணையாகிவிடுகிறது. கம்பி சற்றுத் தொய்வாக இருக்கும், ஷார்ட் ஸ்கேலிலும் அப்படித்தான். கேபோ வலுவான ஸ்பிரிங் உள்ளதாக இருக்க வேண்டும். அக்குஸ்டிக் கிதாருக்கான லேசான கேபோ ஈ கம்பியை அழுத்தாது. கை வளர்ந்ததும் கேபோவைக் கழற்றிவிட்டு அதே கருவியில் தொடரலாம். சொல்லப்போனால் ஷார்ட் ஸ்கேல் ஸ்டாக் வந்தாலும் நான் இதையே சிபாரிசு செய்வேன்.

இடக்கைக்காரர்கள் வலக்கைக் கருவியைத் திருப்பிப்போட்டு நட்டை மட்டும் மாற்றிக்கொள்வதுண்டு. ஃபெண்டரின் இரு மாடல்களைப் பின்பற்றும் கருவிகளில், ஜாஸ் பேஸ் வகைக்கு நட் அகலம் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் வகைக்கு 41 முதல் 42. ஸ்ட்ராப் பட்டனை எதிர்க் கொம்புக்கு மாற்ற வேண்டும், மேல் ஃபிரெட்டுகளை எட்டுவது கடினம், வால்யூம் குமிழ் கைக்கு இடிக்கும். சமாளிப்பு ஏற்பாடு என்ற அளவில் சரி. அதற்காகவே புதுக் கருவி வாங்க வேண்டாம். ஃபிரெட்லெஸ் வேண்டுபவர்களோ விலை குறைந்த பழைய பேஸ் ஒன்றின் ஃபிரெட்டுகளைச் சால்டரிங் அயர்னால் சூடேற்றி மெதுவாகப் பிடுங்கி, அந்தப் பள்ளங்களில் 0.6 மில்லிமீட்டர் மேப்பிள் விநீரை (மெல்லிய மரத்தகடு) ஒட்டித் தேய்த்து, நட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம். சூடேற்றாமல் இழுத்தால் மரம் சிராய்ப்பாகப் பெயர்ந்துவிடும். அதன்மேல் சுருள் கம்பி போட்டால் ஃபிரெட்போர்டை அரம்போல் தின்றுவிடும். ஃப்ளாட்வூண்ட் என்ற வழுவழுப்பான கம்பிதான் வேண்டும்.

தட்டுப்பாட்டால் செகண்ட் ஹேண்ட் விலையும் ஏறிவிட்டது. அங்கே ஏமாறாமலிருக்கச் சின்ன மல்டிமீட்டர் போதும். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திருப்பி, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். பிரிசிஷன் வகையில் 10 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில் வர வேண்டும். ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப்பும் முழுக்கத் திறந்திருந்தால் 3.5 முதல் 4. ஒன்றை மட்டும் திறந்தால் 7 முதல் 8. அளவு 250 கிலோ ஓம் என்று வந்தால் பிக்கப் சுருள் அறுந்திருக்கிறது, வால்யூம் குமிழின் அடியிலுள்ள மின்தடையான பாட்டை மட்டுமே மீட்டர் பார்க்கிறது. எதுவுமே வரவில்லை என்றால் ஜாக் அல்லது வயர். அது சின்ன வேலை. சுருள் அறுந்த கருவியில் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஆக்டிவ் பேஸுக்கு இந்தச் சோதனை செல்லாது. பிறகு டிரஸ் ராடை இரு பக்கமும் சற்றே திருப்பச் சொல்லுங்கள். முழுக்க இறுகியும் நெக் வளைந்தே இருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ஜி கம்பியில் 5 முதல் 7-ஆவது ஃபிரெட் வரை ஒவ்வொரு சுரமாக வாசித்து, ஏதாவது ஒன்று சட்டென்று செத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஃபெண்டர் பாணி நெக்குகளில் அந்த இடத்தில் இது பரவலான குறை; செட்டப்பால் தீராது.

உண்மையில் கருவியைவிட உதிரிபாகத்துக்குத்தான் இங்கே பஞ்சம். மாடலை நிறுத்தும்போது அதற்கான ப்ரீஆம்ப் (ஆக்டிவ் பேஸின் உள்ளே ஒலியைக் கூட்டும் மின்சுற்று), பிரிட்ஜ், கீ எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். இதில் மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெரு நமக்குப் பெரிய பலம். டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோ ஃபாரட். கடையில் 473 என்று அச்சிட்ட பாலியெஸ்டர் கெப்பாசிட்டரைக் கேளுங்கள், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வால்யூம் பாட் 250 கிலோ ஓம் லாக் வகை. கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள் என்று லீனியரை வாங்கினால் குமிழின் கீழ்ப்பகுதியிலேயே சத்தம் எகிறிவிடும், மேலே திருப்பினால் மாற்றமே தெரியாது. அமெரிக்க பாட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர்; ஆசியக் கருவிகள் பலவற்றில் துளை 8 மில்லிமீட்டர். துளையை ரீமரால் பெரிதாக்குங்கள். டிரில் போட்டால் பெயின்ட் சில்லுசில்லாகப் பெயரும்.

ஆக்டிவ் ப்ரீஆம்ப் செத்துவிட்டால் கம்பெனி போர்டுக்காகக் காத்திருக்கும் முன் உள்ளே என்ன ஐசி இருக்கிறது என்று பாருங்கள். டிஎல்062 என்றால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். அது இல்லையென்று டிஎல்072 கொடுப்பார்கள். கால் அமைப்பு ஒன்றுதான், வேலையும் செய்யும். ஆனால் 062 இழுக்கும் மின்சாரம் சுமார் 0.4 மில்லி ஆம்பியர், 072 இழுப்பது 2.8. 500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட அல்கலைன் பேட்டரி முதலாவதில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் வரும், இரண்டாவதில் 180 மணி நேரத்துக்குள் முடியும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றாமல் வைத்தால் இரவு முழுக்க அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஆக்டிவ் பேஸின் சுவிட்ச் ஜாக்கில்தான் இருக்கிறது. கீ வாங்கப் போகும்போது தண்டின் விட்டம், தலைப்பகுதித் துளையின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி மூன்றையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். போட்டோவைக் காட்டி வாங்கினால் பொருந்தாது. பிரிட்ஜுக்கு முதலில் பார்க்க வேண்டியது கம்பி இடைவெளி. ஃபெண்டர் பாணியில் அது 19 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் ஒத்துவருகின்றனவா என்பது அடுத்தது.

கம்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்பியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பாகச் செங்குத்தாக மடிக்க வேண்டும், அதன்பின் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் மேல்சுருள் உள்கம்பியிலிருந்து நழுவித் தளர்ந்து, அந்தக் கம்பி முதல் நாளிலிருந்தே மந்தமாக ஒலிக்கும். பிறகு கம்பி டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும்.

கிடைக்காததை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பெட்டியின் அளவைக் கணக்கிடுங்கள். கூரியர் கட்டணம் எடைக்கு மட்டும் அல்ல. 125 × 42 × 14 சென்டிமீட்டர் பெட்டியின் கன அளவை 5000-ஆல் வகுத்தால் 14.7 கிலோ. உள்ளே இருப்பது 7 கிலோவாக இருந்தாலும் கட்டணம் 14.7-க்குத்தான். அந்தக் கட்டணமும் சேர்ந்த மதிப்பின்மேல்தான் சுங்க வரி, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. நெக்கையும் பாடியையும் கழற்றித் தனித்தனியாக அடுக்கிச் சிறிய பெட்டியில் அனுப்பச் சொன்னால் நீளம் வெகுவாகக் குறையும், நான்கு திருகுதான். நெக்கும் பாடியும் ஒட்டப்பட்ட கருவிகளில் இது நடக்காது.

இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வியும் எழுகிறது. யமஹாவின் ஆலை 2019-இலிருந்து நம் ஊருக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இயங்குகிறது. அங்கே கீபோர்டும் அக்குஸ்டிக் கிதாரும் ஒலிபெருக்கிகளும் உருவாகின்றன. அக்குஸ்டிக் கிதாருக்குப் பழகிய கைகளுக்கு பேஸ் எட்டாத வேலை அல்ல. பாடியை அம்பத்தூரில் மர சிஎன்சி வைத்திருப்பவர்கள்கூட அறுத்துத் தருவார்கள். சிக்கல் நெக்கில். அதற்கான மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறக்கப்பட வேண்டும். சென்னையின் காற்றில் திறந்து வைத்த மரம் 12, 14 சதவீதத்தில்தான் நிலைகொள்ளும். சூளையில் உலர்த்தி, ஈரம் கட்டுப்படுத்திய அறையில் அறுத்து, இடையில் வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்து மறுபடி சீவினால்தான் நெக் முறுக்காமல் நிற்கும். இந்தக் கட்டமைப்பைத் தனியாள் பட்டறை தாங்காது. சிறுதொழில் துறை பொதுவான உலர்த்தும் கூடம் ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தால் கிதார் மட்டுமல்ல, வீணை, தவில் செய்பவர்களுக்கும் பயன்படும். ஐடிஐகளில் இசைக்கருவி பழுதுபார்ப்புக்கு ஆறு மாதப் பாடம் வைப்பது அதைவிடச் செலவு குறைந்த காரியம்.

அதுவரை கடைகளிடம் கேட்பது பெரிதல்ல. விலை அட்டையில் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்த ஆண்டு, ஃபிரெட்போர்டு என்ன மரம், ஸ்கேல் எத்தனை அங்குலம். முன்பதிவு வாங்கும்போது ரசீதில் மாடல் எண்ணை முழுமையாக எழுதி, சரக்கு இந்தியக் கிடங்கில் இருக்கிறதா, கப்பலில் இருக்கிறதா, அல்லது ஆர்டர் மட்டும் போயிருக்கிறதா என்பதைக் குறிப்பிடுங்கள். இந்த மூன்றுக்கும் காத்திருக்கும் காலம் முற்றிலும் வேறு: கிடங்கு என்றால் நாட்கணக்கு, கப்பல் என்றால் வாரக்கணக்கு, ஆர்டர் மட்டும் என்றால் மாதக்கணக்கு; மாடலே நின்றுவிட்டால் அதுவும் இல்லை. வாங்குபவர்களும் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். குறித்த தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்பும், மரமோ நிறமோ மாறினால் மறுக்கும் உரிமை உண்டு என்று அதே ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் அட்வான்ஸ் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கிதார் பழுதுபார்ப்பவர்,
புரசைவாக்கம், சென்னை.